அக்கரமும் அதற்கேற்ற மருந்தும்

சில மாதங்களுக்கு முன் எமது அயலில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை இக்கிழமை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். கைக்குழந்தை உள்ள வீடுகளிலும் முதியோர் உள்ள வீடுகளிலும் இதனைச் சற்று நிதானமாக வாசித்தல் நன்று.

எமது வீட்டிற்கு இரண்டு வளவு தள்ளி ஓர் இளந்தாய் வசிக்கிறாள். முன்னர் எம்மிடம் கல்வி பயின்றவள். கணவன் வாழைச்சேனைத் துறையிலிருந்து ஆழ்கடற் படகில் தொழிலுக்குப் போகிறவன். போனால் திரும்பப் பல நாட்கள் செல்லும். தலைப்பிள்ளை பிறந்து 35 நாட்களான வேளையில் அதன் நாவில் வெள்ளை படர்ந்தது. பாலாடை என்றுதான் முதலில் எண்ணினார்கள். இரண்டு நாட்களில் அது கன்னங்களின் உட்புறத்திற்கும் மேலண்ணத்திற்கும் பரவித் தயிர்த் துகள்கள் ஒட்டியது போலாயிற்று. மார்பில் வாய் வைத்ததும் பிள்ளை வீரிட்டு அழுது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய்க்கும் முலைக்காம்பில் எரிவு. இரவு முழுவதும் இருவரும் அழுதனர் என்று பின்னர் அறிந்தோம்.

காலையில் அவளுடைய தம்பி சைக்கிளில் ஏறி ஒரு மருந்துக்கடைக்குச் சென்று, “வாய்ப்புண்ணுக்கு மருந்து தாருங்கள்” என்றான். யாருடைய வாய் என்று கடையிலே கேட்கவில்லை. கேளாததால் அவனும் சொல்லவில்லை. சிறு குழாய் ஒன்றில் அடைத்த பசைமருந்து கைக்கு வந்தது. இதற்கிடையில் வீட்டிலே பாட்டியார் வெங்காரத்தை ஓட்டிலிட்டுப் பொரித்து, வாகரைப் பக்கத்திலிருந்து வந்த காட்டுத் தேனில் குழைத்து வைத்திருந்தார். எந்த மருந்தைப் பூசுவது என்பதில் தாய்க்கும் மகளுக்கும் சச்சரவு. அதன் முடிவில் இளந்தாய் குழாயை எம்மிடம் கொண்டு வந்து, “சேர், இந்த எழுத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

நாம் வைத்தியர் அல்லோம். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவர். எனினும் குழாயின் மேல் மிகச் சிறிய எழுத்தில் இருந்த பெயரை வாசித்ததும் எமக்குத் திடுக்கிட்டது. அது ஒரு ஸ்டெரோயிட் மருந்து. வளர்ந்தவர்களுக்கு வாயினுள் குழிவாக உண்டாகும் நோவுள்ள புண்ணுக்கு வைத்தியர் அதனைக் கொடுப்பதுண்டு. அது அவ்விடத்திலுள்ள உடலின் எதிர்ப்பைத் தணித்து வீக்கத்தைக் குறைக்கும். இப்பிள்ளையின் வாயில் இருந்ததோ வேறொன்று. எதிர்ப்புக் குன்றும் இடத்தில் செழித்து வளர்வதே அதன் இயல்பு. அதன்மேல் இந்தப் பசையைப் பூசுவது களைக்கு உரம் இடுவதை ஒக்கும். “இதையும் பூசவேண்டாம், அதையும் பூசவேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ” என்று முச்சக்கர வண்டி ஒன்றை அழைத்து ஏற்றிவிட்டோம்.

பாட்டியார் படலையில் நின்று எம்மைப் பார்த்த பார்வை இலகுவில் மறக்கக்கூடியதன்று. “மனே, உன்னையும் இந்த வெங்காரமும் தேனும் போட்டுத்தானே உன்ர அம்மா வளர்த்தா, நீ என்ன செத்தா போனாய்?” என்று கேட்டார். அந்த வேளையில் எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

இப்போது ஆறுதலாக அதற்கு மறுமொழி கூறலாம். பாட்டியார் ஒரு விடயத்தில் எங்களைக் காட்டிலும் சரியாகவே இருந்தார். அவர் அந்த நோயை வாய்ப்புண் என்று சொல்லவில்லை, அக்கரம் என்றார். குழந்தைகளின் வாயில் வெள்ளையாகப் படரும் நோய்க்குத் தமிழ் மருத்துவம் வழங்கிய பழைய பெயர் அது. இன்று நாம் குழிப்புண், பல்லீறு வீக்கம், நாக்கு வெடிப்பு, வெண்படலம் யாவற்றையும் வாய்ப்புண் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். சொல் ஒன்றானபடியால் மருந்தும் ஒன்றென்று நினைக்கிறோம். தம்பி கடையில் பெற்ற தவறான மருந்து அந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது.

அக்கரத்திற்குக் காரணம் மதுவ இனத்தைச் சேர்ந்த ஒரு பங்கசு. கன்டிடா அல்பிக்கன்ஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அது எங்கிருந்தோ வந்த அந்நியன் அன்று. நலமுள்ள பலருடைய வாயிலும் குடலிலும் அடங்கி வாழ்கின்ற குடியிருப்பாளன். அக்கம் பக்கத்திலுள்ள பற்றீரியாக்களும் உடலின் எதிர்ப்புச் சக்தியும் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காவல் தளரும்போது அது பெருகிப் படலமாகிறது. பச்சிளங் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் முதிராமையால் முதற் சில மாதங்களில் அக்கரம் வருதல் சாதாரணம். பாலாடையாயின் ஈரத் துணியால் மெல்லத் தொட்டதும் வந்துவிடும். அக்கரம் இலகுவில் வராது; வற்புறுத்தித் துடைத்தால் அடியில் செக்கச் சிவந்த தோல் தெரியும், சில வேளை இரத்தமும் கசியும். இதனைச் சோதிப்பதற்காகச் சுரண்டிப் பார்க்கும் பழக்கத்தை எவரும் கைக்கொள்ள வேண்டாம்.

இனி வெங்காரத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டியாரின் வைத்தியத்தை மூடப் பழக்கம் என்று இகழ்பவர்கள் ஒன்றை அறியவேண்டும். வெங்காரமும் தேனும் கலந்த மருந்து பிரித்தானிய மருந்து நூலிலும் ஒரு காலத்தில் இடம்பெற்றிருந்தது. ஆங்கில வைத்தியரும் எமது பரிசாரிமாரும் இவ்விடயத்தில் ஒரே வழியிலேயே சென்றனர். வெங்காரம் பங்கசின் வளர்ச்சியைத் தடுப்பதும் உண்மையே. ஆனால் அது குழந்தையின் வயிற்றில் இறங்கி, இரத்தத்திற் கலந்து, இலகுவில் வெளியேறாமல் சேர்ந்துகொண்டே போகும். சூப்பியை வெங்காரத் தேனில் தோய்த்துக் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்ததால் 7 குழந்தைகளுக்கு வலிப்புக் கண்டதென 1983ஆம் ஆண்டு வைத்திய சஞ்சிகையொன்றில் செய்தி வெளியாயிற்று. அந்தக் கலவையை நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. தேனும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஆகாது. அதில் சில வேளை மறைந்திருக்கும் ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் அவ்வயதுக் குடலில் முளைத்து, தசைகளைச் சோரச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். நாம் சாகவில்லை என்பது மெய்தான், பாட்டி. ஆனால் அக்காலத்தில் வலிப்பு வந்து இறந்த குழந்தைகளுக்குக் காரணம் என்னவென்று யார் எழுதி வைத்தார்கள்?

எமது தலைமுறைக்கு இன்னொரு மருந்தும் நினைவிலிருக்கும். நாவும் உதடும் தலையணையும் ஊதாவாகும்படி பூசப்பட்ட ஜென்சியன் வயலட்டே அது. மலிவானது, வேலை செய்யக்கூடியது. அதனாலேயே ஐதாக்கிய அளவில், அதாவது 0.25 வீதக் கரைசலாக, உலக சுகாதார நிறுவனத்தின் குழந்தை மருத்துவக் கையேடுகளில் அது இடம்பெற்றது. கடுமையாகக் கரைத்துப் பூசினால் வாயின் மெல்லிய தோலையே புண்ணாக்கிவிடும். புற்றுநோய் பற்றிய ஐயத்தினால் கனடா நாட்டின் சுகாதாரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டு அதற்கெதிராக எச்சரிக்கை விடுத்தது. வேறு மருந்து கிடைக்கின்ற இடத்தில் அதனை நாடவேண்டிய தேவை இல்லை.

அந்த வேறு மருந்து வந்த கதை மாணவர்களுக்கு மிகவும் உகந்தது. 1940ஆம் ஆண்டுகளில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் உலகமெங்கும் உயிர்களைக் காத்தன. ஆனால் அவை பற்றீரியாக்களை அழித்தபோது, அவற்றின் காவலில் அடங்கியிருந்த பங்கசு தலை தூக்கிற்று. ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்தே மற்றொரு நோய்க்கு வாயில் திறந்தது. பங்கசை அழித்து மனிதனை அழிக்காத மருந்து ஒன்று வேண்டியிருந்தது. அதனைத் தேடியவர்கள் இரு பெண்மணிகள். எலிசபெத் லீ ஹேசன் நியூயோர்க் நகரில் நுண்ணுயிர் ஆராய்ந்தவர். றேச்சல் புலர் பிறவுண் அதே மாநிலத்தின் அல்பனி நகரில் இரசாயனம் ஆராய்ந்தவர். இருவரும் மாநில சுகாதாரத் திணைக்களத்தின் ஊழியர்கள். இருவருக்குமிடையே பாலமாக இருந்தது தபால் சேவை! ஹேசன் பல இடத்து மண்ணை வருவித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களுள் பங்கசை எதிர்ப்பவற்றை வளர்த்துக் கண்ணாடிச் சாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிறவுண் அதிலுள்ள சாரத்தைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். பங்கசைக் கொன்ற சாரங்களுட் பல, சோதனைக்குரிய விலங்குகளையும் கொன்றுவிட்டன. இறுதியில் வெர்ஜீனியா மாநிலத்தில் ஹேசனின் நண்பர்களான நோர்ஸ் குடும்பத்தினரின் பண்ணை மண்ணிலிருந்து பெற்ற ஒரு நுண்ணுயிர் அவர்கள் தேடியதைத் தந்தது. 1950ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிவித்தனர். தமக்கு ஊதியமளித்த நியூயோர்க் மாநிலத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று அதற்குப் பெயரிட்டனர். அதன் உரிமைப் பணமாக வந்த 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையில் ஒரு சதமேனும் இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல், முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர். 1966ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரை வெள்ளம் மூழ்கடித்தபோது, நனைந்த ஓவியங்களில் பூஞ்சணம் படராமற் காக்கவும் இம்மருந்து உதவிற்று என்பது ஓர் உபகதை.

நிஸ்டாட்டின் எவ்வாறு வேலை செய்கிறது? பங்கசின் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரோல் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. எமது உயிரணுக்களில் அதற்குப் பதிலாகக் கொலெஸ்டெரோல் இருக்கிறது. நிஸ்டாட்டின் எர்கோஸ்டெரோலைப் பற்றிக்கொண்டு சவ்விலே துளையிடுகிறது. பங்கசின் உள்ளிருப்பு ஒழுகி அது மடிகிறது. விழுங்கினால் இம்மருந்து குடலிலிருந்து இரத்தத்திற் சேர்வதில்லை என்றே சொல்லலாம். குழந்தைக்கு அது பாதுகாப்பானது என்பதற்குக் காரணம் இதுவே. பலர் “மருந்து பலிக்கவில்லை” என்று முறையிடுவதற்கும் காரணம் இதுவே. இரத்தத்தின் வழியாக அது வாய்க்குத் திரும்பி வராது. படலத்தின்மேல் எத்தனை நேரம் தங்குகிறதோ அத்தனை நேரந்தான் அதன் வேலை. இருமல் பாணியைப் போல ஒரே மிடறில் விழுங்குபவர் காசைத்தான் விழுங்குகிறார்.

எமது அயல் குழந்தைக்கு ஆதார வைத்தியசாலையில் கொடுத்தது இம்மருந்துதான். போத்தலை நன்றாகக் குலுக்கி, ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர் வீதம் நாளுக்கு 4 முறை, பால் கொடுத்த பின்னர், இரு கன்னங்களின் உட்புறத்திலும் பாதி பாதியாகத் துளி துளியாக விடுமாறு வைத்தியர் சொல்லியிருந்தார். பாலுக்கு முன் கொடுத்தால் பாலே அதனைக் கழுவிக்கொண்டு போய்விடும். வெள்ளை மறைந்த பின்னரும் இரண்டு நாள் விடாமற் கொடுக்கவேண்டும் என்பது மற்றொரு கட்டளை. அன்றியும் தாயின் முலைக்காம்பிற்கும் மருந்து கொடுத்தார். பிள்ளையின் வாயிலிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து பிள்ளைக்குமாக இந்நோய் ஊஞ்சலாடும். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்தால் அடுத்த கிழமை மீண்டும் வந்து நிற்கும். சூப்பி, பாற்போத்தல் முதலியவற்றைக் கொதிநீரில் அவிக்காமல் விட்டாலும் இதே கதைதான்.

மைக்கோனசோல் என்னும் களிமருந்து இதனிலும் விரைவாகக் குணப்படுத்துமே என்று வாசகர் சிலர் கேட்கலாம். உண்மை. குழந்தைகளிடையே இரண்டையும் ஒப்பிட்டு 1997ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றில் மைக்கோனசோலே முந்திக்கொண்டது. ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பதே அதன் பலம். ஆனால் அந்த ஒட்டுந்தன்மையே 4 மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கு ஆபத்து. ஒரு திரள் தொண்டையில் சென்று அடைத்தால் மூச்சுத் திணறும். ஆகவே சக்தி வாய்ந்த மருந்து எது என்று கேட்பதைவிட, இந்த வாய்க்கு ஏற்ற மருந்து எது என்று கேட்பதே பொருத்தம். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உட்கொள்ளும் பெரியவர்களுக்கும் மைக்கோனசோல் ஆகாது. வாயிற் பூசிய சிறிதளவு மருந்தே வார்பரினின் வேகத்தை ஏற்றி இரத்தக் கசிவை உண்டாக்கிய சந்தர்ப்பங்கள் உண்டு.

பெரியவர்களுடைய வாயில் அக்கரம் கண்டால் மருந்துக்கு முன் காரணத்தைத் தேடவேண்டும். கட்டுப்பல் அணிபவர் பலர் அதனைக் கழற்றாமலே உறங்குகின்றனர். பங்கசு அப்பல்லிலேயே ஒட்டிக் குடியிருக்கும். இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவி வையாதவர் எத்தனை போத்தல் மருந்து வாங்கியும் பயனில்லை. தொய்வுக்காக ஸ்டெரோயிட் கலந்த மருந்தை வாயால் இழுப்பவர் ஒவ்வொரு தடவையும் நீரால் கொப்பளித்துத் துப்பவேண்டும். இந்த ஒரு பழக்கமே பலருக்கு நோய் வராமற் காக்கும். நீரிழிவு உள்ளவருக்கு இரத்தத்திற் சீனி இறங்காமல் வாயில் வெள்ளை நீங்குவது அரிது. தடிமனுக்கெல்லாம் தாமாகவே நுண்ணுயிர்க்கொல்லி வில்லைகளை வாங்கி விழுங்குபவரைப் பற்றி மேலே சொன்ன கதையே போதும். குளோர்ஹெக்சிடின் என்னும் வாய்கொப்பளிக்கும் மருந்தையும் நிஸ்டாட்டினையும் ஒரே வேளையில் பாவிப்பது மற்றொரு தவறு. முன்னது பின்னதன் வேலையைக் கெடுத்துவிடும். இரண்டும் தேவையாயின் இடையே நேரம் விடவேண்டும்.

புளூக்கோனசோல் என்னும் வில்லையும் உண்டு. அது இரத்தத்திற் கலந்து வேலை செய்வதால், நோய் தொண்டைக்குள் இறங்கி விழுங்க நோவெடுக்கும் போதும், எதிர்ப்புச் சக்தி மிகக் குன்றியவர்களுக்கும் வைத்தியர் கொடுப்பர். வேறு மருந்துகளோடு முரண்படுவது இதற்கு அதிகம். தேவையின்றி அடிக்கடி விழுங்கினால் பங்கசு அதற்குப் பழகிவிடவும் கூடும். கடையிற் கேட்டு வாங்கும் மருந்தன்று இது. காரணம் எதுவுமின்றி ஓர் இளவயதினர்க்கு அக்கரம் திரும்பத் திரும்ப வருமாயின் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். 1981ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞரிடம் முதன்முதலாக எயிட்ஸ் நோய் விவரிக்கப்பட்டபோது, ஐவருக்கும் கன்டிடாத் தொற்று இருந்தது.

எமது பகுதி மக்களுக்கு இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இடைவிடாது மெல்லுகின்ற வாயில் ஒருவகை வெள்ளைத் தழும்பு உண்டாவதுண்டு. அது துடைத்தாலும் சுரண்டினாலும் வராது, பெரும்பாலும் நோவதுமில்லை. அக்கரமன்று அது. புற்றுநோயாக மாறக்கூடிய தழும்பு. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பது. எமக்குத் தெரிந்த முதியவர் ஒருவர் “வாய்ப்புண்” மருந்தென்று களிமருந்தை மாதக்கணக்காகப் பூசிக்கொண்டிருந்தார். பல் வைத்தியரிடம் ஒருநாள் வாயைத் திறந்து காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம், அவர் போனபோது பெரும் சத்திரசிகிச்சையாகிவிட்டது. இரண்டு கிழமைக்கு மேல் நிலைத்திருக்கும் எந்த வெள்ளையையும் காட்டாமல் வைத்திருக்கலாகாது.

கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். “பிள்ளைக்கு 35 நாள், நாவிலும் கன்னத்திலும் வெள்ளை, துடைத்தால் வரவில்லை, பால் குடிக்கிறதில்லை” என்று தம்பி சொல்லியிருந்தால் கடைக்காரரே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கக்கூடும். வாங்கிய மருந்தில் பெரிய எழுத்திலுள்ளது கம்பனி இட்ட பெயர். சிறிய எழுத்திலுள்ளதே மருந்தின் மெய்ப்பெயர். அந்த மெய்ப்பெயராலேயே மருந்துகளை வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று போராடியவர் எமது நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அன்னாரின் கொள்கையை உலக நாடுகள் எடுத்துக்காட்டாகக் கொண்டன. நாமோ இன்னும் “சிவப்புக் குழாயில் வருமே, அது” என்று கேட்டு வாங்குகிறோம்.

அயல் குழந்தைக்கு ஐந்தாம் நாள் வெள்ளை முற்றாக மறைந்தது. ஏழாம் நாள் வரை மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மருத்துவ மாது நிறுத்துப் பார்த்து, இடையில் குறைந்திருந்த நிறை திரும்பிவிட்டதென்று சொல்லிச் சென்றார். பாட்டியார் எம்மோடு சில நாட்கள் பேசவில்லை. பின்பு ஒரு மாலை தாமாகவே படலையைத் திறந்து வந்தார். பொரித்த வெங்காரத்தை எறிந்துவிட்டாராம். மீதியைத் தட்டார் கடையில் பொன் ஒட்டுவதற்குக் கொடுத்துவிட்டாராம். காட்டுத் தேன் போத்தலை மட்டும் எமது திண்ணையில் வைத்து, “நீ ஒரு வயசு தாண்டின பிள்ளைதானே, மனே; குடி” என்றார்.